முதலில் முடித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கான சிறப்பு வகுப்புகள் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் வலியுறுத்தப்பட்டவை அனைத்தும் தேவையானவை. அவற்றில் எதையும் மறுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. ஆனால், கட்டுரையின் நடுவே போகிறபோக்கில் வந்த ஒரு கருத்து மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் எப்படியும் தாமாகவே கரையேறிவிடுவார்கள், ஆகவே ஆசிரியரின் கவனம் முழுவதும் மற்றவர்களிடம் இருந்தால் போதும் என்பதே அது. 32 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அந்த நம்பிக்கையோடுதான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தேன் என்பதையும், அது தவறு என்று மிகத் தாமதமாகவே உணர்ந்தேன் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கரும்பலகையில் ஐந்தாவது கணக்கை நான் எழுதி முடிப்பதற்குள் முதல் நான்கையும் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் ஒரு பிள்ளையேனும் இல்லாத வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு என்னிடம் மூன்று மருந்துகள் இருந்தன. முதலாவது, அதே பயிற்சியிலிருந்து மேலும் பத்துக் கணக்கு. இரண்டாவது, மற்றவர்களின் நோட்டுகளைத் திருத்தும் வேலை. மூன்றாவது, நான் வெளியே போகும்போது பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதும் லீடர் பதவி. மூன்றையும் ஊக்குவிப்பு என்றே மனப்பூர்வமாக நம்பினேன். ஏழாம் வகுப்பில் அப்படி நான் 'ஊக்குவித்த' ஒரு மாணவர், பல ஆண்டுகள் கழித்து என்னைச் சந்தித்தபோது, அந்த ஆண்டு முழுவதும் ஐந்தாவது கணக்கை மனத்துக்குள் போட்டுவிட்டு நோட்டில் எழுதாமல் வைத்திருந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். "எழுதினால் இன்னும் பத்து வரும் என்று தெரியும் சார்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அந்த மாணவர் என் வகுப்பில் கணிதத்தில் புதிதாக எதையும் கற்கவில்லை. திறமையை மறைத்துவைக்கக் கற்றுக்கொண்டார். தெரிந்ததையே மறுபடியும் பத்து முறை செய்யச் சொல்வது விரைவாக முடித்ததற்கு விதிக்கும் அபராதம் அன்றி வேறென்ன? மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் சொல்லிக்கொடுப்பவருக்கும் பலன் உண்டு என்பது உண்மைதான். ஒரு கருத்தைப் பிறருக்கு விளக்கும்போது நமக்கே அது தெளிவாகும். ஆனால் அந்தப் பலன் முதல் முறையோ இரண்டாம் முறையோ கிடைப்பது. அதற்குமேல் அந்தப் பிள்ளை சம்பளமில்லாத உதவி ஆசிரியர்தான். பெற்றோர் தம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது அதற்காக அல்ல.

தாமாகவே முன்னேறிவிடுவார்கள் என்ற எண்ணத்தில் மறைந்திருக்கும் பெரிய ஆபத்து வேறொன்று. எளிதாக மட்டுமே கற்றுப் பழகிய பிள்ளைக்கு, தெரியாத ஒன்றின் முன்னால் உட்கார்ந்து திணறும் பழக்கமே ஏற்படுவதில்லை. எட்டாம் வகுப்பு வரை படிக்காமலேயே நூறு வாங்கியவர், மேல்வகுப்பில் முதன்முறையாக ஒரு பாடம் புரியாமல் போகும்போது, இதற்கு உழைக்க வேண்டும்போலிருக்கிறது என்று நினைப்பதில்லை. தன் அறிவு இவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடுகிறார். போதாக்குறைக்கு, வீட்டிலும் பள்ளியிலும் நாம் அவரைப் 'புத்திசாலி', 'மூளைக்காரர்' என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருப்போம். கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பொருத்தமானது. ஒரே புதிரைத் தீர்த்த பிள்ளைகளில் சிலரை அறிவுக்காகவும் சிலரை முயற்சிக்காகவும் அவர்கள் பாராட்டினார்கள். அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்து எளிய புதிர்களையே நாடினார்கள். கடினமான ஒன்றில் தோற்றபிறகு, முன்பு எளிதாகச் செய்தவற்றிலும் தடுமாறினார்கள். தாம் பெற்ற மதிப்பெண்ணைப் பிறரிடம் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையேதான் அதிகம். மீத்திறன் மாணவர் என்று ஒருவரை அடையாளம் கண்டு முத்திரை குத்தி, அதற்குமேல் எதுவும் செய்யாமல் விடுவது, ஒன்றுமே செய்யாமலிருப்பதைவிடத் தீங்கானது என்று நான் கருதுவது இதனால்தான்.

கணிதமேதை காஸ் சிறுவனாக இருந்தபோது 1 முதல் 100 வரையிலான எண்களை நொடியில் கூட்டிச் சொன்ன கதையை ஆசிரியர்கள் எல்லோரும் வகுப்பில் சொல்கிறோம். அந்தக் கணக்கு அப்படியே நடந்ததா, எண்கள் அவைதாமா என்பதில் வரலாற்றாய்வாளர்களுக்கு ஐயம் உண்டு, அது கிடக்கட்டும். கதையை நாம் நிறுத்தும் இடத்தில்தான் எனக்கு வருத்தம். விடையைச் சொன்னதோடு கதை முடிந்துவிடுகிறது. அதன்பிறகு அந்த ஆசிரியர் என்ன செய்தார்? பியூட்னர் என்ற அந்த மனிதர் கண்டிப்புக்குப் பேர்போனவர். பலதரப்பட்ட பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெரிய வகுப்பு அவருடையது. அவர் அந்தச் சிறுவனை மற்றவர்களின் பலகைகளைத் திருத்தச் சொல்லவில்லை. ஹாம்பர்க் நகரிலிருந்து மேல்நிலைக் கணிதநூல் ஒன்றைத் தருவித்து அவன் கையில் கொடுத்தார். தம்மால் சொல்லிக்கொடுக்க முடியாத இடம் வந்ததும், தம் உதவியாளராக இருந்த மார்ட்டின் பார்ட்டெல்ஸ் என்ற இளைஞரை அவனுடன் சேர்ந்து படிக்கச் செய்தார். பார்ட்டெல்ஸ் காஸைவிட எட்டு வயது மூத்தவர். பின்னாளில் பேராசிரியராகி, ரஷ்யக் கணிதமேதை லோபசெவ்ஸ்கிக்கும் ஆசிரியராக விளங்கியவர். ஒரு புத்தகமும் சேர்ந்து படிக்க ஒரு துணையும் தேடிக் கொடுத்தார், அவ்வளவுதான். தனிக் கட்டடமோ தனி நிதியோ அதற்குத் தேவைப்படவில்லை.

இனி, இத்தகைய பிள்ளைகளை எப்படிக் கண்டறிவது என்ற கேள்வி. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பழமொழி. ஆனால் எந்த முளை எந்தப் பயிர் என்று பிரித்தறியும் கண் நமக்கு இருக்கிறதா என்பதைப் பழமொழி சொல்வதில்லை. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-இல் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வுக்காக, நுண்ணறிவுச் சோதனைகளின் மூலம் 1,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பல பத்தாண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார். அவர்களில் பலர் வாழ்வில் சிறப்பாகவே விளங்கினார்கள். ஆனால், அந்தச் சோதனையை எழுதித் தேர்வாகாமல் போன சிறுவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். முன்னவர் 1956-லும் பின்னவர் 1968-லும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். தேர்வு செய்யப்பட்ட 1,500 பேரில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை. நோபல் பரிசு ஒன்றுதான் அளவுகோலா என்று கேட்டால், இல்லைதான். ஆயினும் ஒரே ஒரு மதிப்பெண்ணை நம்பி வாசலை மூடுவது எவ்வளவு பிழையாக முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆசிரியரின் பரிந்துரையும் குறையுடையதுதான். யாரைப் பரிந்துரைப்பீர்கள் என்று என்னைக் கேட்டிருந்தால், கையெழுத்து அழகாக இருப்பவரையும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவரையும், வீட்டுப்பாடத்தைத் தவறாமல் கொண்டுவருபவரையும்தான் சொல்லியிருப்பேன். குறுக்குக் கேள்வி கேட்டு வகுப்பின் ஓட்டத்தைக் கெடுப்பவரையும், சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பவரையும் சொல்லியிருக்க மாட்டேன். வகுப்பு மொழி வீட்டுமொழியாக இல்லாதவர்கள், புத்தகம் இல்லாத வீட்டிலிருந்து வருபவர்கள், கூச்சம் மிகுந்தவர்கள் ஆகியோர் குடத்திலிட்ட விளக்காகவே இருந்துவிடுவார்கள். எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதில் இடர்ப்படும் பிள்ளை, வடிவங்களை மனத்தில் சுழற்றிப் பார்ப்பதில் வகுப்பிலேயே வல்லவராக இருக்கக்கூடும். அப்படிப்பட்டவரிடம் குறை திறமையை மறைக்கும், திறமை குறையை மறைக்கும், நமக்கோ சராசரி மாணவர் ஒருவர்தான் தெரிவார். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு பெரிய பள்ளி மாவட்டம், பெற்றோரும் ஆசிரியரும் பரிந்துரைத்தவர்களை மட்டும் சோதிக்கும் வழக்கத்தை 2005-இல் மாற்றி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் முதல்நிலைச் சோதனை வைத்தது. டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற பொருளியலாளர்கள் அதன் விளைவை ஆராய்ந்தபோது, ஏழைக் குடும்பங்களையும் சிறுபான்மை இனங்களையும் சேர்ந்த பிள்ளைகள் முன்பைவிடக் கணிசமாகக் கூடுதலாகத் தேர்வானது தெரியவந்தது. அந்தப் பிள்ளைகள் முன்பும் அதே வகுப்பறைகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சோதனையைப் பற்றிப் பேசும்போது சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. நூற்றுக்கு நூறு என்பது உண்மையில் ஓர் அளவே அல்ல. அளவுகோல் தீர்ந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது. நான்கு அடிக் கோலை வைத்து ஐந்தடிப் பிள்ளையையும் ஆறடிப் பிள்ளையையும் அளந்தால் இருவரும் நான்கடிதான். ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியலாளர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1971-இல் தொடங்கிய ஆய்வின் அடிப்படையே இதுதான்: பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு, கல்லூரியில் சேர இருப்பவர்களுக்கான தேர்வைக் கொடுத்துப் பார்த்தார். வகுப்புத் தேர்வில் ஒன்றுபோல நூறு வாங்கியவர்களுக்கிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு அதில் வெளிப்பட்டது.

சரி, ஐம்பது பேரை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியரால் என்ன செய்ய முடியும்? பணியின் கடைசி ஆறு ஆண்டுகளில் நான் கடைப்பிடித்த முறை மிக எளியது. பின்னங்கள் என்ற பாடத்தைத் தொடங்கும் முன்பே, அப்பாடத்தின் இறுதியில் வரும் கணக்குகளில் கடினமான ஐந்தை வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிடுவேன். நான்கோ ஐந்தோ சரியாகப் போட்டவர்களுக்குப் பயிற்சிக் கணக்குகளிலிருந்து விலக்கு உண்டு. அவர்களுக்குத் தெரியாத ஒரு பகுதி இருந்தால் அதற்கு மட்டும் என்னைக் கவனிக்க வேண்டும். மிச்சமாகும் நேரம் அவர்களுடையது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஜோசப் ரென்சுல்லி என்ற கல்வியாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் பாடச்சுருக்கம் என்ற பெயரில் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் முறையே இது. சாலி ரீஸ் என்ற கல்வியாளரின் தலைமையில் 1993-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், திறன்மிக்க மாணவர்களுக்கு ஆண்டுப் பாடத்தில் ஏறக்குறைய 40 முதல் 50 விழுக்காட்டை நீக்கியபிறகும் அவர்களின் தேர்வு மதிப்பெண்கள் குறையவில்லை என்று தெரியவந்தது. அதாவது, அந்தப் பிள்ளைகள் ஏறத்தாழ அரை ஆண்டுக் காலம் ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மிச்சமான நேரத்தில் என்ன கொடுப்பது என்பதில்தான் ஆசிரியரின் கைத்திறன் இருக்கிறது. அடுத்த வகுப்புப் பாடத்தை இழுத்துக் கொடுப்பது எளிது. அதே பாடத்தில் ஆழமாக இறக்குவது நல்லது. பின்னப் பாடத்தின்போது நான் கொடுத்த கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். பண்டைய எகிப்தியர்கள் பின்னங்களைப் பெரும்பாலும் தொகுதி (மேலே உள்ள எண்) ஒன்றாக உள்ள வெவ்வேறு பின்னங்களின் கூட்டலாகவே எழுதினார்கள், ஏறக்குறைய கி.மு. 1550-ஐச் சேர்ந்த ரிண்ட் பாப்பிரஸ் ஏட்டில் அதற்கான அட்டவணையே இருக்கிறது. அம்முறையில் 4/5 என்பதை 1/2, 1/4, 1/20 ஆகியவற்றின் கூட்டலாக எழுதலாம். எல்லாப் பின்னங்களையும் இப்படி எழுத முடியுமா? முடியும் என்றால் ஏன்? ஆறாம் வகுப்பு மாணவி ஒருவர், ஒவ்வொரு முறையும் இத்தகைய பின்னங்களில் கழிக்கக்கூடிய மிகப் பெரியதைக் கழித்துக்கொண்டே போனால் மீதியின் தொகுதி குறைந்துகொண்டே வருகிறது, ஆகவே இது எங்கேயாவது நின்றுதான் ஆக வேண்டும் என்று எட்டு நாள் கழித்து வந்து சொன்னார். இத்தாலியக் கணிதவியலாளர் ஃபிபொனாச்சி 1202-இல் எழுதிவைத்த வழி அது. அந்த மாணவிக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. எட்டு நாளில் ஆறு நாள் அவர் தவறான வழியில் போய்த் திரும்பியிருந்தார் என்பதை நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் பணிக்காலத்தில் ஒரு பிள்ளைக்கு நான் கொடுத்த மிகச் சிறந்தவை அந்த ஆறு நாள்கள்தாம் என்று நினைக்கிறேன்.

அதற்குமேலும் கேட்டவர்களுக்கு இன்னொன்று வைத்திருந்தேன். தொகுதி 4 ஆகவும் பகுதி (கீழே உள்ள எண்) 2-ஐவிடப் பெரிய ஏதேனும் ஒரு முழு எண்ணாகவும் உள்ள பின்னத்தை இத்தகைய மூன்று பின்னங்களின் கூட்டலாக எப்போதும் எழுத முடியுமா? 1948-இல் எர்டோஷ், ஸ்ட்ராஸ் என்ற கணிதவியலாளர்கள் எழுப்பிய கேள்வி அது. மிகப் பெரிய எண்கள் வரை கணினிகள் சரிபார்த்துவிட்டன. நிறுவியவர் இதுவரை எவரும் இல்லை. பின்னங்களைக் கூட்டத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் புரியும் ஒரு கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் விடை இல்லை என்று முதன்முறையாகக் கேட்கும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். மொழிப்பாட ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் தத்தம் பாடத்தில் இதைவிடச் சிறந்தவற்றைக் காண்பார்கள். அது என் துறை அல்ல என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

வகுப்பையே தாண்டி மேல்வகுப்புக்கு அனுப்பலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. தகுந்தவரைத் தேர்ந்து அனுப்பினால் அவர்கள் கல்வியில் நன்றாகவே செய்கிறார்கள் என்றும், நாம் அஞ்சுவதுபோல் மனத்தளவில் பாதிக்கப்படுவது பொதுவாக இல்லை என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. இருந்தாலும், கணிதத்தில் மட்டும் முந்திநிற்கும் பிள்ளையை எல்லாப் பாடத்துக்கும் தூக்கி அனுப்புவானேன் என்பது என் எண்ணம். ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் கணிதப் பாடவேளை ஒரே நேரத்தில் வருமாறு கால அட்டவணை அமைத்தால், அந்த 45 நிமிடம் மட்டும் அவர் அடுத்த அறையில் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம். தலைமையாசிரியர் ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் முடியும் காரியம் இது.

திறமையுள்ளவர்களுக்கு மேலும் கொடுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்ற மறுப்பு எழும் என்பதை அறிவேன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பில் கிடைக்காதது வெளியே கிடைத்துவிடும். தனிப்பயிற்சியும் புத்தகமும் பேச்சுத்துணையும் வீடே தந்துவிடும். வகுப்பறையை விட்டால் வேறு வழியே இல்லாதவர் ஏழைப் பிள்ளைதான். ஆகவே, வகுப்பில் இதைச் செய்யாமல் விடுவதுதான் சமத்துவத்துக்கு எதிரானது. மேலும், மேலே சொன்ன கேள்விகளை நான் சிலருக்கென்று ஒளித்துவைக்கவில்லை. வாரத்தின் முதல் நாளே எல்லோருக்கும் தெரியும்படி பலகையின் மூலையில் எழுதிவிடுவேன். பயிற்சித் தேர்வில் ஒன்றுகூடச் சரியாகப் போடாத ஒருவர் வெள்ளிக்கிழமை வந்து 4/7-க்கு இரண்டே பின்னங்கள் போதும், அவை 1/2-உம் 1/14-உம் என்று சொல்லி, என் பட்டியலைப் பொய்யாக்கியதும் நடந்திருக்கிறது. சராசரிக்கு மேற்பட்ட திறன், படைப்பாற்றல், எடுத்ததை விடாத ஈடுபாடு ஆகிய மூன்றும் சேரும் இடத்தில்தான் மீத்திறன் வெளிப்படுகிறது என்று 1978-இல் ரென்சுல்லி எழுதினார். அந்த மூன்றாவதை எந்தச் சோதனையாலும் முன்கூட்டி அளக்க முடியாது. வாய்ப்புக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும்.

தங்களிடமும் ஒரு குறையைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். உலக நாடுகளின் தலைநகரங்களை இரண்டு நிமிடத்தில் ஒப்பிக்கும் நான்கு வயதுக் குழந்தையின் படத்தைத் தங்கள் நாளிதழ் உட்பட எல்லா இதழ்களும் அடிக்கடி வெளியிடுகின்றன. அந்தக் குழந்தையின் நினைவாற்றல் பாராட்டத்தக்கதே. ஆனால் அச்செய்திகளைப் படிக்கும் பெற்றோர், திறமை என்றால் வேகமாகவும் பிழையின்றியும் ஒப்பிப்பது என்று எண்ணிக்கொண்டு தம் பிள்ளைகளையும் அதற்குப் பழக்குகிறார்கள். ஒரே கேள்வியோடு ஒரு வாரம் போராடிய பிள்ளையை யாரும் படமெடுப்பதில்லை. தங்கள் கல்விப் பக்கத்தில் மாதத்துக்கு ஒருமுறையாவது, வகுப்பில் ஆசிரியர்கள் கொடுத்துப் பார்த்த இத்தகைய கேள்விகளையும், அவற்றைப் பிள்ளைகள் அணுகிய வழிகளையும், தவறிய வழிகள் உட்பட, வெளியிட இடம் ஒதுக்க முடியுமா? ஒதுக்கினால், என்னிடம் உள்ள ஆறு ஆண்டு நோட்டுகளிலிருந்து மாணவர்களின் பெயரை நீக்கிப் படியெடுத்து அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்